உங்க இஷ்டம்

மகர்பட்டா, புனே
நவம்பர், ஞாயிறு காலை

அன்புள்ள அகல்யாவுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

லைப்சிக்கில் உனக்கு வேலை நிரந்தரமானதில் எனக்கு மகிழ்ச்சிதான். போனில் அதைச் சரியாகச் சொல்லவில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்டேன்: இங்கே வேலையை விட்டுவிட்டு நானும் அங்கே வந்துவிடட்டுமா என்று. நீ யோசித்துச் சொல்கிறேன் என்றாய். மறுநாள் வாட்ஸ்அப்பில் பதில். "உங்க இஷ்டம்." இரண்டு சொல். ஒரு முற்றுப்புள்ளி.

அதனால்தான் இந்தக் காகிதம்.

இங்கே மழை போய்விட்டது. முண்ட்வா சாலையில் மறுபடி தூசி. காலையில் உன் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறேன். தோள் பிடிக்கிறது.

ஆபீசில் ஜெர்மன் குரல் வேலை முடியாமல் நிற்கிறது. பேருந்துகளில் நிறுத்தம் சொல்லும் குரல். ஜெர்மன்காரர் யாராவது கிடைக்கும்வரை, சோதனைக்கு, உன்னைத்தானே படிக்க வைத்தோம். அதைக் கேட்டுப் பழகிய இயந்திரம் இன்னமும் உன் ஏற்ற இறக்கத்தில்தான் பேசுகிறது. சொற்கள் சரி, வாக்கியம்தான் முடிய மாட்டேன் என்கிறது என்று ஜெர்மனியிலிருந்து வாடிக்கையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அடுத்த நிறுத்தம் ரயில் நிலையம் என்கிறது குரல். கேட்பவர்கள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிறார்களாம்.

திரையில் கோடாக வரைந்து பார்த்தேன். ஜெர்மனில் ஒரு சொல்லின் மேல் கனம் விழும். பிறகு குரல் இறங்கும். இறங்கினால் முடிந்தது. உன் கோடு இறங்கி, கடைசியில் கொஞ்சம் வாலைத் தூக்குகிறது. எல்லா வாக்கியத்திலும். சிரித்துவிட்டேன். கோயம்புத்தூர்க்காரி ஜெர்மனிலும் ஒரு 'ங்க'வுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாய். பக்கத்து நாற்காலி மாதவுக்கு விளக்கினேன். "அரே, உன் பொண்டாட்டி பஸ்ஸுக்குக்கூட மரியாதை குடுக்கறாளா?" என்றான்.

பதிவு செய்த நாட்கள். வெளிச்சத்தம் வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு நீ. கீழ்வீட்டுக் குக்கர் விசில். "நிறுத்துங்க, அவங்க பருப்பு வேகட்டும்" என்று வியர்வையோடு வெளியே வந்து, என் தட்டிலிருந்த பாகர்வடியை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே. ஹெட்போனில் நீ மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். நடுவில் ஒரு கதவு. அவ்வளவு பக்கத்தில் அதற்குப் பிறகு உன்னைக் கேட்டதில்லை.

இப்போது அந்த வால்களை நறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கோடாக இழுத்து இறக்குகிறேன். இறக்கியபின் நல்ல ஜெர்மன். யாரோ ஒருத்தி.

உன் இரண்டு சொல்லையும் நேற்று வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். 'உங்க'வில் அழுத்தினால், உங்கள் பாடு, எனக்கென்ன. 'இஷ்ட'த்தில் இழுத்தால், வாங்களேன். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னால், வேலை முடிந்து டிராமில் களைத்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. இதில் எது நீ? ஏற்ற இறக்கம்தான் என் பிழைப்பு. எனக்குத் தெரியவில்லை.

ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். தாங்கிக்கொள்வேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதாதே அகல்யா. இது கிடைத்ததும் கூப்பிடு. வாயால் சொல்.

அங்கே குளிர் ஏறியிருக்கும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

உன்னுடைய,
கோகுல்நாத்