ஆடிப் பதினெட்டில் களமிறங்காத அண்ணனுக்கு

எனக்கும் சேர்த்து மூச்சுப் பிடித்த என் அண்ணாவுக்கு,

அலுப்பாக இருக்கிறது அண்ணா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போன மாசியிலிருந்து, லாரிப் பட்டறையில் பெயின்ட் வேலை முடிந்ததும் உன் வீட்டுக்கு ஒரு நடை, அப்புறம் என் வீட்டுக்கு ஒரு நடை. கேஸ் சிலிண்டர், உன் மகள் பவித்ராவின் பள்ளிக்கூடம், உன் வேனுக்கு எஃப்.சி. இத்தனையையும் நீ எப்படிச் சிரித்துக்கொண்டே செய்தாய்? நீ இருக்கும்போது ஒரு நாளும் நான் கேட்டதில்லையே.

இன்று சொல்ல வந்தது வேறு. ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்.

உன் நினைவாக ஒரு கபடிப் போட்டி நடத்தவேண்டும் என்று உங்கள் டீம் கேப்டன் செல்வராசு அண்ணன் கிளம்பினார். உன்னோடு இருபது வருஷம் ஆடியவர், மனசு ஆறவில்லை அவருக்கு. எந்த நாள் வைக்கலாம் என்றதற்கு நான்தான் முந்திக்கொண்டு ஆடிப் பதினெட்டு என்றேன். உள்ளூர் விடுமுறை, கூட்டம் வரும். ஃப்ளெக்ஸுக்கு உன் போட்டோவைக் கொடுத்ததும் நான்தான். தொடையைத் தட்டிக்கொண்டு நிற்பாயே, அந்தப் போட்டோ. ஊர் முனையில் அதைக் கட்டியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணி அதைப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்.

"ஏனுங்க தம்பி, உங்கண்ணன் என்னிக்குப் பதினெட்டுக்கு ஆடியிருக்காருங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வருஷம் முழுக்க ஆடுகிறவன் நீ. பவித்ராவுக்குக் காது குத்திய அன்றுகூடச் சாயங்காலம் களத்தில் நின்றாய். அண்ணி ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் எந்த டீம் கூப்பிட்டாலும் போகமாட்டாய். ஊரே காவிரியைப் பார்க்க ஜேடர்பாளையத்துக்குப் போகும்போது, நீ எங்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு கொல்லிமலை ஏறுவாய். "கீழ இருக்கற ஆத்த எல்லாரும் பாப்பாங்க. மேல இருக்கறத யாரு பாக்கறது?" என்பாய். மலை ஆறு என்றால் உனக்கு அப்படி ஒரு பித்து.

அந்த நாளில் கோப்பை வைத்து உன்னை நினைக்கப் பார்த்திருக்கிறேன். வருஷம் தவறாமல் அந்த வேனில் உட்கார்ந்து போனவன், இதைக்கூட மறப்பானா?

செல்வராசு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அட ஆமாப்பா, அன்னிக்கி அவன் வரவே மாட்டானே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அத்தன டீமுக்கும் சொல்லியாச்சு சாமி. இப்ப நிறுத்துனா நல்லாருக்காது. உங்கண்ணி வந்து கோப்பையக் குடுத்தாப் போதும்."

அண்ணி வர மறுத்துவிட்டார். பதினெட்டுக்கு எப்போதும்போல மலைக்குத்தான் போகவேண்டும் என்றார். வருஷம் திரும்பாத ஊட்டில் என்ன நோம்பி, என்ன பண்டிகை என்று சொந்தத்தில் முணுமுணுத்தார்கள். "நோம்பிக்குப் போவலீங்க, ஆத்துக்குத்தான் போறோம்" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா?"

என் தயக்கத்துக்குக் காரணம் நோம்பி இல்லை அண்ணா. உனக்குத் தெரியும். ஆற்றில் முதலில் நீதான் இறங்குவாய். களத்துக் கோட்டைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டு, 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே அக்கரைப் பாறையைத் தொட்டுத் திரும்புவாய். பாட்டு அறுந்தால் அன்றைக்கு யாரும் குளிக்கக் கூடாது. அறுந்ததே இல்லை. "தொட்டாச்சு, வாங்க" என்று நீ சொன்ன பிறகுதான் நாங்கள் காலை நனைப்போம். நான் எப்போதும் கடைசி ஆள், முழங்காலுக்கு மேல் போகாதவன். உன் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பவன்.

போனோம். நாற்பதாவது வளைவில் பவித்ரா வழக்கம்போல வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழம் எடுத்துவர நான் மறந்திருந்தேன். சோளக்காடு ஊரைத் தாண்டி, நீ வேனை நிறுத்தும் அதே மரத்தடியில் நிறுத்தினேன். தண்ணீர் தெளிவாக, இடுப்பளவு ஓடியது. மேலே மழையில்லை என்று நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே நிறத்தைப் பார்த்துச் சொன்னேன். ஆனாலும் யாரும் இறங்கவில்லை.

"யாரு பாடிட்டுப் போறது சித்தப்பா?" என்றாள் பவித்ரா.

வேட்டியை மடித்துக் கட்டினேன். கும்பிட்டேன். கபடி கபடி என்று போனேன். தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. நடு ஆற்றில் மூச்சு அறுந்துவிட்டது அண்ணா. பெயின்ட் புகை குடித்த நெஞ்சு. முன்னால் போகவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இதையும் கெடுத்துவிட்டேனா என்று நின்றேன்.

கரையிலிருந்து சத்தம் வந்தது. கபடி கபடி கபடி. பவித்ரா. உன்னை மாதிரியே முன்னால் குனிந்து நின்றுகொண்டு, இடைவெளி விடாமல். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாறையைத் தொட்டேன், திரும்பினேன். நான் கரையைத் தொடுகிறவரை அவள் விடவில்லை. முகமெல்லாம் சிவந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே, "தொட்டாச்சு, வாங்க" என்றாள்.

அண்ணி மாசிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். "ரெண்டு பேரு பாடுனா அவுட்டுங்க தம்பி. உங்கண்ணனா இருந்தா ஒத்துக்கவே மாட்டாரு" என்றார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழுதார். அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கினார்.

அடுத்த வருஷத்திலிருந்து போட்டியைத் தையில் வைத்துக்கொள்வதாகச் செல்வராசு அண்ணன் சொல்லிவிட்டார். பதினெட்டுக்கு நாங்கள் ஆற்றில் இருப்போம். போக நான் பாடுவேன், வரப் பவித்ரா பாடுவாள். நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி, அண்ணியையும் பவித்ராவையும் குளிக்காமல் கரையில் நிற்க வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
இனி உன் துண்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டு இறங்கப்போகும்
உன் தம்பி