விசாவா, முதல் மேட்சா

அல் குசைஸ், துபாய்

அன்பு மகன் பாலமுரளிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் ஏசியின் புண்ணியத்தில் நலம், உன் பல்லும் மூக்கும் தோள்பட்டையும் அதனதன் இடத்தில் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினசரிப் பிரார்த்தனை. போனில் சொன்னால் ஓகேப்பா என்று வைத்துவிடுவாய், தமிழில் எழுதினால் எழுத்துக் கூட்டியாவது நிதானமாகப் படிப்பாய் என்றுதான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ரக்பி கிளப் உன்னைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டதை அந்த ஊர்ப் பத்திரிகையில் பார்த்தேன், ஸ்காட்லாந்தின் இளம் வீரர் என்று போட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இந்தியன், பிறந்தது துபாய், இப்போது ஸ்காட்லாந்துக்காரன். பாட்டு வரும் என்று நம்பிப் பெயர் வைத்தவள் உன் அம்மா. பாட்டு கிளாஸுக்கு அனுப்பினால் நீ பள்ளி மைதானத்துக்குப் போனாய், அங்கிருந்த ஸ்காட்லாந்து கோச் உன் தோளைப் பார்த்துவிட்டு ஸ்காலர்ஷிப் வாங்கித் தந்து அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார், அங்கே படித்து இன்ஜினியரிங் சேர்வாய் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், நீ கிளப்பின் ஜூனியர் டீமில் போய்ச் சேர்ந்தாய். அம்மா உன் மேட்ச் வீடியோவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள், எட்டுப் பேர் தலையை நுழைத்துக்கொண்டு தள்ளுவதைப் பார்த்து, யாராவது விலக்கி விடுங்களேன் என்று கத்தினாள். கீழே மளிகைக்கடை சாதிக் பாட்ஷா, ஆளு முன்னால ஓடணும், பந்தை மட்டும் பின்னால வீசணுமாமே, இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா சார் என்று கேட்டார். தருகிறார்கள் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் துபாய்க்கு வெளியே இருந்தால் என் ஸ்பான்சரில் உள்ள உன் குடியிருப்பு விசா செத்துப்போகும் என்பதால் லீவுக்கு லீவு வந்து, ஏர்போர்ட் கேமராவில் முகத்தைக் காட்டி, அம்மா கையால் நாலு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவாய். இந்தத் தடவை கெடு முடிகிற அதே வாரத்தில் பெரிய டீமில் உன் முதல் மேட்ச். ஒரே நாள் வந்துட்டுத் திரும்பிடறேன்ப்பா என்கிறாய், நீ போனால் உன் இடத்தில் வேறொருவன் ஆடுவான் என்று கோச் சொல்லிவிட்டதையும் நீயேதான் சொல்கிறாய். அம்மா வரச்சொல் என்கிறாள். பிறந்த ஊரில் பிள்ளைக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இங்கே பிறந்ததால் யாருக்கும் பிடிமானம் கிடைப்பதில்லையடா, நாளைக்குக் கம்பெனி கலாஸ், வேலை முடிந்தது என்றால் நானும் பெட்டி கட்டவேண்டியவன்தான். அதனால் விசா போனால் போகட்டும், வராதே, மேட்ச் ஆடு. இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன், வராதே.

பல்லுக்குப் போடும் ரப்பரை மறக்காமல் மாட்டிக்கொள். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. அம்மாவுக்கு நீயே போன் போட்டுச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே. அடிபடாமல் நெடுங்காலம் ஆடி நல்ல பேர் எடுக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உண்டு. சீசன் முடிந்ததும் சொல், விசிட் விசா போட்டு வரவழைக்கிறேன், விசா பேப்பர் அடித்துத் தரும் டைப்பிங் சென்டரில் விசாரித்துவிட்டேன். வருகிற விருந்தாளி எங்கே தங்குவார், ஹோட்டலா என்று அங்கிருந்தவர் கேட்டார். அவனுடைய ரூமில் என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அனந்தகிருஷ்ணன்