இந்தப் பெட்டியில் மட்டும் என்று சொன்னார்கள், மணி

என்னோடு சண்டை போட ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போன என் தம்பி மணிக்கு,

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். புனே லோஹேகாவில் நம் பார்லர் திறந்துதான் இருக்கிறது. ஷட்டரைத் தூக்க முட்டி ஒத்துழைப்பதில்லை என்று பக்கத்து வடாபாவ் கடைக்காரர் வந்து கை கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, இந்த வயதில் வீடியோ கேம் கடை தேவையா மௌசி என்று தினமும் கேட்கிறார். நானும் தினமும் அவர் வடையில் உப்பு அதிகம் என்று சொல்கிறேன்.

தமிழ்ச் சங்க மலரில் மணி சாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தை எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. உன் மகன் நிதினும் இதைப் படிக்கட்டும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகும். ஆகட்டும்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும் அல்லவா? டிவியில் செருகி ஆடுகிற கன்சோலை நாங்கள் பெட்டி என்போம். பெட்டி செய்கிற பெரிய கம்பெனிகள் உலகத்திலேயே இரண்டு மூன்றுதான். அதில் தோற்றுக்கொண்டிருந்த கம்பெனியாகப் பார்த்து ஆறு பெட்டி வாங்கிப் போட்டவன் என் தம்பி. ஊரே அந்தப் பக்கம் போகும்போது நாம் ஏன்டா இந்தப் பக்கம் என்று கேட்டேன். "பெட்டிக்காக யாரும் பெட்டி வாங்க மாட்டாங்கக்கா. அதுல மட்டும் ஓடற ஆட்டத்துக்காக வாங்குவாங்க. நல்லதா நாலு வரட்டும், பாரு" என்றாய். எக்ஸ்க்ளூசிவ் என்று அதற்குப் பெயர். அந்த வார்த்தையை நீ கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திச் சொல்வாய்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டுக்காரர் ஏர்ஃபோர்ஸில் இருந்த வரைக்கும் குவார்ட்டர்ஸில் சமைத்துக்கொண்டிருந்தவள். ஆங்கிலம் படித்ததே திரையில் ஓடும் வசனத்தில்தான். பெட்டியைத் திறந்து தூசி எடுப்பதும் கன்ட்ரோலரின் குச்சி தளர்ந்தால் மாற்றுவதும் நானே பிரித்துப் பிரித்துக் கற்றது. ஆகவே, ஆட்டத்தைப் பற்றிப் பேச இந்த அம்மாளுக்கு என்ன தகுதி என்று நினைக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய் சமையல் குறிப்பைப் பார்க்கலாம்.

நீ சொன்ன மாதிரி ஒன்று வந்தது, மணி. ஒரு பொம்பளை கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு பனிமலை தாண்டுகிற ஆட்டம். சண்டை கிடையாது, சுடுவது கிடையாது. பாலம் உடைந்திருந்தால் கட்டணும், மலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ரொட்டி கொண்டுபோகணும். நம் பெட்டியில் மட்டும். அந்த வருஷம் நாற்காலி காலியாகவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? எதிர்க் கம்பெனிப் பெட்டி வீட்டில் வைத்திருந்தவர்கள்கூட அதற்காக நம்மிடம் வந்தார்கள். நீ சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தாய்.

அதற்கப்புறம்தான் எதுவும் வரவில்லை. இதோ வருகிறது, அடுத்த வருஷம் வருகிறது என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. ஓர் ஆட்டம் செய்ய இப்போது அத்தனை வருஷம் பிடிக்கிறது. அதற்குள் ஜனங்கள் என்ன செய்வார்கள்? காலிப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து காத்திருப்பார்களா? அந்த நேரம் பார்த்து நீ போய்ச் சேர்ந்தாய். ஆறு பெட்டியையும் உன் வாதத்தையும் என் தலையில் கட்டிவிட்டு.

உன் பங்கு நிதினுக்கு வந்தது. ஊரின் மறுகோடி வாகடிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் போனான். பிறகு மெல்ல ஆரம்பித்தான். இந்தப் பெட்டிகளைப் பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிட்டு எதிர்க் கம்பெனிப் பெட்டி வாங்கலாம் என்றான். உன் அப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொள்வானா என்றேன். அப்பா ஒத்துக்கொண்டிருப்பார், அத்தையைத்தான் அவரால் சமாளித்திருக்க முடியாது என்றான். உன் வாய் அப்படியே.

அவன் சொன்னதில் ஒன்று எனக்குள் முள்ளாக நிற்கிறது. "அத்தை, கேம் அச்சா இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் இருக்காங்க. இத்தனை வருஷம் வாங்கின கேம் எல்லாம் அங்கதான் இருக்கு. ஒரு கேமுக்காக யாரு வீடு மாத்துவாங்க?"

ஒரு வருஷம் மாற்றினார்களே என்றேன். விருந்துக்கு வந்தார்கள், குடி வரவில்லை என்றான். இதற்கு நீ என்ன பதில் சொல்வாய், மணி? நான் எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன்.

அப்புறம்தான் அந்த வேலையைச் செய்தது நம் கம்பெனி. பனிமலை ஆட்டத்தை எதிர்க் கம்பெனிப் பெட்டிக்கும் கொடுத்துவிட்டது. ஆட்டம் செய்ய ஆகிற செலவு ஒரே பெட்டிக்காரர்களிடம் மட்டும் விற்றால் திரும்பி வராதாம், அதனால் எல்லோருக்குமாம். தன் கடைச் சரக்கை எதிர்க் கடைக்கு அனுப்பிவிட்டு, என் கடைக்கும் வாருங்கள் என்று வாசலில் நின்று கூப்பிடுகிறவனை என்னவென்று சொல்வது?

நிதின் தன் வீட்டிலிருந்த எதிர்க் கம்பெனிப் பெட்டியைக் கொண்டுவந்து நம் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் அதே பனிமலை. யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்ப்போம் அத்தை என்றான். சரி என்றேன். எனக்கு என்ன பயம்?

அன்று மாரிச்செல்வி வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. திருநெல்வேலிப் பெண், கணவர் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனில் கார்ப்பரல். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தில் பேச இந்தியும் வராது, மராத்தியும் வராது. மத்தியானம் அவர் டியூட்டிக்குப் போனதும் நம்மிடம் வந்துவிடுவாள். பனிமலையில்தான் இருப்பாள். தன் கழுதைக்குக் கருப்பாயி என்று பெயர் வைத்திருக்கிறாள். அது பாலத்தில் நடக்க மறுத்தால் ஊர்ப் பாஷையில் வைவாள், பக்கத்து நாற்காலி பீகார்ப் பையன்களுக்கு அந்த வசவு எல்லாம் இப்போது மனப்பாடம்.

எதிர்க் கம்பெனிப் பெட்டியில் படம் பளிச்சென்று இருக்கிறது என்று அவளை நிதின் அங்கே உட்கார வைத்தான். அவள் வருவதற்கு முன்பே அவன் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். அவள் கன்ட்ரோலரை எடுத்தாள். ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

"ஆன்ட்டி, இது முதல்ல இருந்துல்லா கேக்குது. நான் எத்தனை மலை ஏறி இறங்கியிருக்கேன். இதுக்கு என்னை யாருன்னே தெரியல. கருப்பாயியும் இல்ல."

ஆட்டத்தைக் கொடுத்தவர்கள் அவரவர் விளையாடி வைத்திருந்ததைக் கொடுக்கவில்லை. ஒரு கம்பெனிப் பெட்டியில் சேமித்தது இன்னொரு கம்பெனிப் பெட்டிக்கு வராது. அவள் எழுந்து பழைய நாற்காலிக்கே போனாள். நான் நிதினைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் நிதின் கொண்டுவந்த பெட்டிக்கு எதிரேதான் வரிசை கட்டினார்கள். ஒருவர்கூட நம் பெட்டி எங்கே என்று கேட்கவில்லை. "நம்ம பெட்டி இருக்கிறவங்களைப் புடிச்சு வெக்குது அத்தை, புதுசா யாரையும் கூட்டிட்டு வரல" என்றான் நிதின். குத்திக் காட்டக்கூட இல்லை. மெதுவாகத்தான் சொன்னான், அதுதான் எரிச்சல்.

என் வாய் சும்மா இருக்குமா? பனிமலையின் இரண்டாம் பாகம் எங்கள் பெட்டியில் மட்டுமே வரும் என்று கம்பெனி உலகத்துக்கே சொல்லியிருந்தது. முதல் பாகம் பழசு, பழசை யாருக்குக் கொடுத்தால் என்ன, இரண்டாம் பாகம் வரட்டும் என்றேன். அதுவும் அந்தப் பக்கம் போனால் என்று கேட்டான். போனால் பெட்டிகளை நானே என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். மாரிச்செல்வி, வடாபாவ்காரர், பீகார்ப் பையன்கள், எல்லோர் எதிரிலும் சொன்னேன். சொன்ன சொல்லை மீறி ஒரு கம்பெனி நடக்கும் என்று நினைக்கவில்லை.

போன மாதம் அறிவித்தார்கள். இரண்டாம் பாகம் எல்லாப் பெட்டிக்கும், அதுவும் ஒரே நாளில்.

சிரித்துக்கொண்டே அறிவித்தான் கம்பெனித் தலைவன், மணி. மேடையில் ஏறி, நல்ல சேதி சொல்கிறேன் என்று. யாருக்கு நல்ல சேதி? நாலு வருஷம் அவன் பெட்டியை நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கா? தோற்கிறவன் தோற்கட்டும், அதில் அவமானம் இல்லை. ஜெயிக்க வைக்கக்கூடிய ஒன்றே ஒன்று கையில் இருக்கும்போது அதைத் தூக்கிக் கொடுத்தானே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வைத்திருந்து பார்த்திருக்கலாமே? இன்னும் இரண்டு வருஷம் பொறுத்திருந்தால்? நிதின் சொல்கிறான், வைத்திருந்தாலும் பிழைத்திருக்காது, கம்பெனிக்கு முன்பே தெரியும் என்று. அவர்களுக்குத் தெரியுமா, அல்லது பயந்தார்களா? உன்னைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க முடியாது. நீயும் பதில் சொல்லப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிதின் வந்தான். வழக்கமான இடத்தில் உட்காராமல் வாசலிலேயே நின்றான். "அத்தை, அது விளையாட்டுக்குச் சொன்னது. விட்டுடுங்க. பெட்டி இருக்கட்டும்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த மலரில் இடம் போதாது. அந்தக் கம்பெனி சொல் தவறியது என்றுதானே நான் ஊரெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறேன்? நானும் தவறினால் அப்புறம் எனக்கும் மேடையில் சிரித்தவனுக்கும் என்ன வித்தியாசம்? கொடுக்கிறேன் என்றால் கொடுக்கிறேன், ஆளைக் கூப்பிடு என்றேன். நிதின் முகம் அப்போது உன்னைப் போலவே இருந்தது. நீ என்னிடம் தோற்றுவிட்டதாகக் காட்டிக்கொள்ளும்போது இருக்குமே, அந்த முகம்.

பழைய சாமான் எடுக்கிறவர் வருவதற்குள் ஒவ்வொரு பெட்டியையும் துடைத்து, யார் யார் ஆடிச் சேமித்தது உள்ளே இருக்கிறது என்று போட்டுப் பார்த்தேன். நீ ஆடியது எதுவும் பாக்கி இல்லை. எதை ஆரம்பித்தாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய். மாரிச்செல்வியுடையதுதான் பாதியில் நின்றது. கடைசி மலை இன்னும் இருக்கிறது. அந்த வாரம் பார்த்து அவள் கணவருக்கு அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டுக்குப் போஸ்டிங் வந்திருந்தது.

அங்கேயும் இந்த மாதிரி பார்லர் இருக்குமா ஆன்ட்டி என்று மட்டும் விசாரித்தாள். இருக்கலாம் என்றேன். இருந்தாலும் கருப்பாயி அங்கே இருக்க மாட்டாள் என்று இருவருக்குமே தெரியும்.

மறுநாள் ஐந்து பெட்டிகளைப் பழைய சாமான்காரரிடம் நானே எடுத்துக் கொடுத்தேன். ஆறாவதை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அங்கே சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு டிரங்குப் பெட்டியில் கணவரின் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் புதிதாக எழுதி, காய வைத்திருந்தார்கள். ஸ்வெட்டருக்கும் குக்கருக்கும் நடுவில் நம் பெட்டியை வைத்தேன். வேண்டாம் ஆன்ட்டி என்றாள். நான் கொடுக்கவில்லை, கருப்பாயி உன்னுடையது, அது இருக்கிற இடம் இது என்றேன். அவள் ஒரு சேலையை எடுத்துப் பெட்டியின் மேல் சுற்றினாள். பெயின்ட் என் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கறை போக மண்ணெண்ணெய் தேட வேண்டியிருந்தது.

நிதினிடம் சொன்னேன். கணக்கு கேட்பான் என்று நினைத்தேன். "அப்போ எக்ஸ்க்ளூசிவ் ஒரு பெட்டியைக் காப்பாத்திடுச்சு" என்றான். கேலியா, உண்மையாகச் சொன்னானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உன்னிடமும் எனக்கு இதே தொல்லைதான்.

இப்போது பார்லரில் எதிர்க் கம்பெனிப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. கூட்டம் வருகிறது. நாற்காலி போதவில்லை. இரண்டு நாளாக நான் ஓர் இடத்தில் உட்காராமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு இரண்டாம் பாகம் வருகிறது. முதல் நாள் முதல் நாற்காலி அத்தைக்கு என்று நிதின் எழுதி ஒட்டிவிட்டான்.

உட்காரத்தான் போகிறேன், மணி. நீ இருந்து பார்க்க வேண்டிய மலையை யாராவது ஏறிப் பார்க்கத்தானே வேண்டும்? கடைசி வரைக்கும் ஆடி முடிக்கிறேன், பாதியில் விட மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியில் ஆடும்போது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. நன்றாகவே இருந்தாலும் வராது. இது சத்தியம்.

விட்டுக்கொடுக்காத உன் அக்கா,
ராஜாமணி