துவாஸ் ஆற்றின் அகலம்

திங்கள், 5 ஜூன் 1978

ஆம்ப்ரோஸ் அண்ணனுக்குக் காய்ச்சல். தண்ணீர்க் குழாய் போடப்போகும் துவாஸ் ஆற்றின் அகலத்தைச் சரிபார்க்க அலுவலகத்தில் வேறு சர்வேயர் இல்லை. "நான் போறேன் சார்" என்றேன். மேலதிகாரி துரைசாமி சார் சிரித்தார். "நீ பிளான் வரையற பொண்ணு. அங்க முட்டியளவு சேறு லா!"

சேறு எனக்கு மட்டும் ஆழமா? சர்வே படித்துத் தேறியவள்தானே நானும்? மற்றவர்கள் அளந்து வந்ததற்குக் கோடு போட்டே மூன்று வருஷம் போயிற்று. விடவில்லை. கடைசியில், "போய்த் தொலை" என்றார்.

செவ்வாய்

எதிர்க்கரையில் சர்வே உதவியாளர் நூர்தீன் அண்ணன் கம்பம் நட்டார். இந்தக் கரையோரமாக நூறு மீட்டர் கோடு அளந்தேன். ஒரு முனையிலிருந்து கம்பம் சரியாகச் செங்கோணத்தில். மறுமுனையிலிருந்து அறுபத்திரண்டு டிகிரி. அது போதும். அட்டவணையில் அந்தக் கோணத்தின் டேன் மதிப்பைப் பார்த்து நூறால் பெருக்கினேன் — நூற்று எண்பத்தெட்டு மீட்டர். ஆற்றில் கால் நனையவில்லை!

ஆனால் ஆம்ப்ரோஸ் அண்ணன் போன மாதம் படகில் கயிறு கட்டி அளந்தது நூற்றுத் தொண்ணூற்றைந்து.

புதன்

என் கணக்கைப் பார்த்ததும் துரைசாமி சார் சொன்னார்: "ஆம்ப்ரோஸ் பதினஞ்சு வருஷ சர்வேயர். நீதான் தப்பா பார்த்திருப்ப. தொண்ணூத்தஞ்சுன்னு மாத்திடு. நாளன்னிக்கு பைப் ஆர்டர் போவணும்."

"மாத்த மாட்டேன் சார்."

"என்னது?"

"வேணும்னா நீங்க மாத்துங்க. ஆறு மாறாது."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு — அழல. எதுக்கு அழணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?

வியாழன்

யாரிடமும் கேட்கவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு மறுபடி துவாஸ். நீளமான வேறு கோடு, வேறு கோணங்கள். அதே நூற்று எண்பத்தெட்டு!

நூர்தீன் அண்ணன் சொன்னார்: "ஆம்ப்ரோஸ் அளந்த அன்னிக்கு நீரோட்டம் கயிற வில்லு மாதிரி வளைச்சிடுச்சு உர்சுலா. நான் சொன்னேன், யாரு கேட்டா?"

வெள்ளி

ஆம்ப்ரோஸ் அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். சண்டைக்குத் தயாராகத்தான் போய் நின்றேன். இரண்டு கணக்கையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "கயிறு வளைஞ்சுதான் இருக்கு. பொண்ணு சொல்றது சரி சார்."

துரைசாமி சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எண்பத்தெட்டுன்னே போடு." மன்னிப்பா? அது வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

"சார், அடுத்த வாரம் பொங்கோல் ஆத்த அளக்குற வேலைக்கு நான்தான் போவேன்" என்றேன். அவர் மறுக்கவில்லை.

ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து அம்மாவோடு சிராங்கூன் ரோடு. வெயிலில் கறுத்துப்போவேன், மாப்பிள்ளை கிடைக்காது என்று வழியெல்லாம் அம்மா முனகல். கடையில் ரப்பர் பூட்ஸ் கேட்டேன், சின்ன அளவில். "தம்பிக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "இல்ல, இவளுக்குத்தான். சர்வேயரு."