ஈறுக்கு மாத்திரை மட்டும் போதாது

என்னங்க,

தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சலவைக்கடையில் லீவு கேட்டேன், தரவில்லை. பதினொரு மணிக்கு உங்கள் தம்பி கார் கொண்டுவருவான். பல் டாக்டரிடம் அவனோடு போய்வாருங்கள். சாவி ஆணியில் தொங்குகிறது.

ஆரஞ்சுச் சாறு பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கடிக்க வேண்டாம், குடித்தால் போதும்.

வலிக்கிறதென்று பழம், காய் எல்லாவற்றையும் நிறுத்தினீர்கள். நிறுத்தியதால் ஈறு இன்னும் மோசமானது. இப்போது வைட்டமின் மாத்திரையைக் கடலை மாதிரி விழுங்குகிறீர்கள். டாக்டரம்மா போன தடவையே தெளிவாகச் சொன்னார்: "சத்து கொறஞ்சா ஈறுல ரத்தம் கசியும், அதுக்கு மாத்திரை உதவும். ஆனா ஈறுக்கு அடியில பல்லுல அழுக்கு காரையா படிஞ்சிருக்கே, அத மாத்திரை கரைக்காது. சுத்தம் பண்ணித்தான் ஆகணும்." நேற்று இதை நினைவுபடுத்தினேன். "போனா புடுங்கிருவாங்க, அப்புறம் நான் எதை வச்சு ஊதுறது?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனீர்கள்.

முன்பல் போனால் டிரம்பெட் வாசிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். பேண்டில் வேறு ஆள் பார்க்கிறார்களோ என்ற உங்கள் பயமும் தெரியும். என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. குழந்தையா நீங்கள், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போக?

தம்பியிடம் எரிந்து விழாதீர்கள்.

பி.கு.: நேற்றுச் சாயங்காலம் குளியலறையில் மெதுவாக வாசித்துப் பார்த்தீர்கள். பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வெளியேதான் நின்றிருந்தேன். கதவைத் தட்டக் கை எழவில்லை.