பெட்டையின் கழுத்தைப் பார், அண்ணி

என் ஆசை அண்ணிக்கு,

நீ தோற்றுவிட்டாய். மற்ற கதைக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சை மாற்றிவிடுவாய்.

சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு திருப்புலிவனத்தில் கல்லும் புதருமாகக் கிடக்கும் கல்லாங்குத்து மேட்டுக்குக் கிளம்பினாயே, நினைவிருக்கிறதா? முதல் நாளே காலடியிலிருந்து ஒரு காடைக் கூட்டம் படபடவென்று எழும்ப, "ஐயோ பாம்பு!" என்று நான் உன் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குத் தொடங்கிய சண்டை இது. நீ புதர்க்காடை என்றாய். நான் பாறைக்காடை என்றேன்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஆணின் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு பளிச்சென்று கழுத்து வரை இறங்கினால் புதர்க்காடை, மெலிந்து மங்கினால் பாறைக்காடை. தையல் கடைக்காரி ஆயிற்றே நீ! "இது பட்டை பார்டர், வசந்தா. பார்டரு எனக்கா தெரியாது?" என்று என் வாயை அடைத்துவிடுவாய்.

நாம் இரண்டு பேருமே மடச்சிகள். அழகாக இருக்கிறதே என்று ஆணையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டையை எங்கே பார்த்தோம்? புதர்க்காடைப் பெட்டைக்குத் தொண்டை செங்கல் நிறம். பாறைக்காடைப் பெட்டைக்கு வெளுத்த தொண்டை. நீ போன பிறகு, தனியாக நடக்கும்போதுதான் நம் மேட்டுப் பெட்டைகளின் வெளுத்த தொண்டை என் கண்ணில் பட்டது.

இப்போது உன் வருஷ நினைவுக்கு அண்ணன் அந்த மேட்டடியில் உன் பேரில் ஒரு போர்டு வைக்கிறார். 'புதர்க்காடை வாழும் இடம்' என்று எழுதப் போகிறாராம். கூடாது என்றேன். வீடே என் மேல் பாய்ந்தது.

"ஆளு சொல்லி எல்லாம் ரெடியா கீது. இப்ப வந்து பேஜார் பண்ணிக்கினு கீறியே. செத்துப்போனவளாண்ட ஜெயிச்சு இன்னா பண்ணப் போற?" என்றார் அண்ணன்.

வலித்தது. அழுதேன். ஆனாலும் விடவில்லை. ஒரு ஜாக்கெட் கையில் தையல் கோணினால் முழுசாகப் பிரித்துத் தைக்கிறவள் நீ. உன் பேருக்குக் கீழே தப்பை எழுத விட்டுவிடுவேனா?

"நீயே வந்து பாருண்ணா" என்று மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு போனேன். நீ இருந்தவரை ஒரு நாளாவது நம்மோடு வந்தவரா அவர்? கூட்டம் எழும்பியதும், "ஐயோ பாம்பு!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெட்டைகள் திரும்பி வந்து கற்களுக்கு நடுவே மேய்ந்தன. நம் சண்டைக்கென்றே நீ வாங்கிய பைனாகுலரை அவர் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"கழுத்துல கலரே காணோமே, வசந்தா."

"காணோம்ணா."

"அவளாண்ட யாரு சொல்றது? ஒத்துக்கவே மாட்டாளே."

"நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன், அண்ணி. போர்டில் மேலே உன் பெயர், கீழே பாறைக்காடை. கோபமா? எழுந்து வந்து சண்டை போடு. நீ இல்லாமல் ஜெயித்து நான் என்ன செய்ய?

தினமும் போவேன். செங்கல் தொண்டையோடு ஒரே ஒரு பெட்டை கண்ணில் பட்டாலும், என் கையாலேயே பெயின்ட் எடுத்துப் போய்த் திருத்துவேன். அதுவரை நீ தோற்றவள்தான்.

ஊரிடம் உன்னை விட்டுக்கொடுக்காத, உன்னிடமும் விட்டுக்கொடுக்காத
உன் நாத்தனார் வசந்தா