நீ பிடுங்கிய எலுமிச்சை மூடி

இன்று காலை நீச்சல்குளத்தில் ஒரு பெண்ணின் கையிலிருந்து எலுமிச்சை மூடியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டேன். தண்ணீரிலிருந்து ஏறி, ஈரத் துணியோடு வெயிலில் உட்கார்ந்து, அதை முழங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசனைதான் முதலில் வந்தது. அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. "கொடு இங்க" என்று பறித்தேன், அவ்வளவுதான். அவள் என்னை முறைத்துவிட்டு, துண்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். விளையாட்டு டீச்சராக இருந்து ரிடையராகி இத்தனை வருஷமாகியும் இந்தக் கிழவிக்கு அதிகாரம் போகவில்லை என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து போட்ட காப்பி ஆறிவிட்டது. உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறேன், வந்து இரண்டு வரி எழுதுகிறேன், மறுபடியும் எழுந்துவிடுகிறேன். செத்துப்போனவளுக்கு லெட்டர் எழுதுகிறாயே, உனக்குக் கிறுக்கா என்று நீ கேட்பாய். கேள். உன் அடக்கத்தன்றைக்கு முளைத்த கேள்வி ஒன்று அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. யாரிடம் போய்க் கேட்பேன்?

எழுபதுகளின் தொடக்கம். பாலக்கோட்டுப் பக்கத்து உங்கள் ஊருக்கு நான் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். பள்ளிக்கூடம் முடிந்து, டீச்சர் டிரெயினிங்குக்குக் காத்திருந்த அந்த வருஷம் நமக்கு இரண்டே வேலைதான். விடிவதற்குள் தார்ரோட்டில் ஓட்டம், வெயில் ஏறுவதற்குள் உங்கள் தக்காளித் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல். ஓட்டத்தில் உன்னை நான் விட்டுவிட்டுப் போவேன். கிணற்றில் நீ என்னை விட்டுவிட்டுப் போவாய். நமக்குப் பாடம் எடுத்த பி.டி. டீச்சர் சேலத்து நீச்சல் போட்டிக்கு உன் பெயரைத்தான் கொடுத்தார், என் பெயரை இல்லை. எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று அப்போது சொன்னேன். கொஞ்சம் இருந்தது.

நீ தோலைப் பார்த்துக்கொண்ட மாதிரி நான் ஒருத்தியையும் பார்த்ததில்லை. இறங்குவதற்கு முன் அக்குளிலும் முழங்காலுக்குப் பின்னாலும் விளக்கெண்ணெய். நனைந்த ரவிக்கை உரசிப் புண்ணாக்கிவிடும் என்பாய். ஏறியதும் அரப்புத்தூள் போட்டு எண்ணெயைக் கழுவ வேண்டும். நம் ஊர் உப்புத்தண்ணீர் காய்ந்தால் நகத்தால் கீறிய இடமெல்லாம் வெள்ளைக்கோடு விழும், அதனால் மறுபடியும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். உதட்டுக்கு வெண்ணெய். விரலிடுக்குச் சேத்துப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். நான் ஈரப் பாவாடையோடு நின்று கதையடித்தால் முதுகில் ஒன்று வைப்பாய்.

"ஈரத்தோட நிக்காதடி, படை வந்துரும்! அப்புறம் சொறிஞ்சிக்கிட்டே ஓடு."

உச்சி வெயிலில் மட்டும் கிணற்றுப் பக்கமே விடமாட்டாய். அதற்குக் காரணம் எனக்குத் தெரிந்ததுதான். உங்கப்பா போட்ட சட்டம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாதா கோயிலிலிருந்து வந்தவர், நெற்றிச் சாம்பலைக்கூடத் துடைக்காமல், என் முன்னாலேயே சொன்னார்.

"தவக்காலத்துல நல்ல காரியம் பேசக் கூடாதுன்னு பாக்கறேன். ஈஸ்டர் முடிஞ்சதும் மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. அதுவரைக்கும் நீந்திக்க. நெறம் மங்குச்சு, கெணத்துக்கு முள்ளு வெட்டிப் போட்டுருவேன்."

ஈஸ்டருக்குப் பின் நிச்சயம். மே மாதம் கல்யாணம். சேலத்துப் போட்டியும் அந்த மே மாதம்தான். கருத்தால் கிணற்றுக்கு முள், வெளுத்தால் கழுத்துக்குத் தாலி. எப்படிப் பார்த்தாலும் உனக்குச் சேலம் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் நான் அழுதேன். நீ அழவில்லை. தக்காளிக் கூடையை எண்ணுவது போல வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் நீயே என்னை மத்தியானத்தில் கிணற்றுக்குக் கூப்பிட்டாய். மடியில் எலுமிச்சம்பழம். "டவுன்ல ஒரு நர்ஸக்கா சொன்னாங்க புள்ள, கருப்ப அப்படியே எடுத்துருமாம்" என்றாய். கிணற்றோரப் பாறை காலைச் சுட்டது. பழத்தை அறுத்து இரண்டு கையிலும் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சாறு வழிய வழியத் தேய்த்துக்கொண்டாய். நானும் ஒரு மூடியை எடுத்து என் இடது கையில் தேய்க்க ஆரம்பித்தேன். நீ வெடுக்கென்று பிடுங்கினாய்.

"உனக்கெதுக்குடி இது? காக்கா குளிச்சா கொக்காகுமா?"

மூடியைத் தூர எறிந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் பிடரியில் கைவைத்து என்னைக் கிணற்றுக்குள் தள்ளியும் விட்டாய். தண்ணீருக்குள் போய் மேலே வந்து பார்த்தால், நீ பாறையிலேயே கையை நீட்டிக்கொண்டு, வற்றல் காயவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாய்.

காக்கா! என்னைவிட நீ நிறம்தான், ஊரறியும். ஆனால் நீ அதைச் சொல்லிக்காட்டியதே இல்லையே. ஈரத் துணியோடு வீட்டுக்கு நடந்தேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் முழுக்க உன்னோடு பேசவில்லை. பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவையை முத்தமிடப் போன வரிசையில் நீ எனக்கு முன்னால் நின்றாய். அப்போதுதான் உன் கையைப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து, சாறு ஓடிய வழியெல்லாம் கருங்கோடு. கரியைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. என் கையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரே ஒரு தழும்பு.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நீ முழுக்கை ரவிக்கை போட மாட்டேன் என்று அடம்பிடித்தது எனக்கு அப்போதே வினோதமாக இருந்தது. காப்பித் தட்டை நீட்டிய கையை மாப்பிள்ளையின் அம்மா பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, இதென்னா கையி? உங்க வமுசத்துல யாருக்காச்சும் இருக்குதுங்களா?"

எல்லாரும் பயந்த வியாதியின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. "வெயில்ங்க, கெணத்துல நீந்துனதுங்க" என்றாய் நீ, தலையைக்கூடக் குனியாமல். போண்டாவைத் தொடாமல் எழுந்து போனார்கள். அவர்களுடைய மாட்டுவண்டி தெருமுனை திரும்பியதும் உங்கப்பா துண்டை உதறிக்கொண்டு கத்தினார்.

"இனி எவன் வருவான் இந்த வூட்டுக்கு? போ! சேலத்துக்குப் போவியோ, சமுத்தரத்துக்குப் போவியோ, போய் நீந்திக்கிட்டே கெட!"

அவர் பின்கட்டுக்குப் போனதும் என் காதோரம் வந்து சொன்னாய்: "கேட்டியா புள்ள? அப்பா போகச் சொல்லிட்டாரு." அந்தச் சிரிப்பில் என் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

சேலத்தில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கை ஓடுகிறது. மருந்து கலந்த தண்ணீரின் நெடி உனக்குப் பிடிக்கவில்லை. "இதென்னா, ஆஸ்பத்திரியில குளிக்கற மாதிரி" என்று மூக்கைச் சுருக்கினாய். கிணற்றுக்குப் பூசுகிற மாதிரியே விளக்கெண்ணெயைப் பூசிக்கொண்டு போய் நின்றாய். தண்ணீரில் எண்ணெய் மிதக்கும், கழுவிவிட்டு வா என்று விரட்டினார்கள். கழுவியதும் கைக்கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பொறுப்பாக நின்ற அம்மையார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தோல் வியாதி இருக்கறவங்க இறங்கக் கூடாது" என்றார்.

உன் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அந்த ஒருமுறைதான். கொப்புளத்துக்குப் பயப்படாதவள், மாப்பிள்ளை வீட்டாருக்கு அசராதவள், அந்தச் சொல்லைக் கேட்டதும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாய். இதை நீ கணக்கில் எடுத்திருக்கவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, முன்னால் போய் என் இடது கையை நீட்டினேன்.

"வியாதி இல்லைங்க டீச்சர். எலுமிச்சம்பழம் தேய்ச்சு வெயில்ல நின்னோம். எனக்கும் பாருங்க, தேய்ச்ச எடத்துல மட்டுந்தான். இது ஒட்டிக்காதுங்க."

அவர் என் கையையும் உன் கையையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். "அழகு பண்ணிக்கறாங்களாம் அழகு" என்று தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார். நீ இரண்டாவதாக வந்தாய். சுவரைத் தொட்டு, வரிவரியான கையைத் தூக்கி என்னைத் தேடினாய். முதலாவதாக வந்தவளை அங்கே யாரும் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

அதற்கப்புறம் நீ பள்ளிக்கூட வேலைக்குப் போனதும், உன் கைக் கதையைக் கேட்டும் கவலைப்படாத ஒருவரைக் கட்டியதும், அரூர்ப் பக்கம் குடிபோனதும் எல்லாம் நல்லபடி. நம் கைத்தழும்புகள் அடுத்த வருஷமே மங்கி மறைந்தன. காக்கா மறையவில்லை. எந்தக் கல்யாண வீட்டில் கண்ணாடி முன் நின்றாலும் உன் குரலில் அது கேட்கும். ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை. கேட்டால் நான் அதை நினைத்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரிந்துவிடும் என்கிற வீம்பு.

உன் அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு உன் தங்கை லூர்து எலுமிச்சைத் தண்ணீர் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முற்றத்துக்கு வந்தாள். வந்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"எலுமிச்சம்பழத்தத் தொட்டா கைகழுவாம வெயிலுக்குப் போவாதன்னு அக்கா சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சுங்க. சின்னதுல அம்மாவோட ஊறுகா போட்டுட்டு, கழுவாம தோட்டத்துல நின்னு அக்காவுக்குக் கை வெந்து போச்சே. கருப்பு போவ ஒரு வருசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியுந்தானுங்கக்கா?"

எனக்குத் தெரியாது. நான் உங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது.

நர்ஸக்கா என்று ஒருத்தி இருந்தாளா? தெரிந்தேதானே பாறையில் உட்கார்ந்தாய்? என்னிடம் சொல்லாதது சரிதான். எனக்கு ஓட்டைவாய், உங்கப்பா ஒரு அதட்டுப் போட்டிருந்தால் கொட்டியிருப்பேன். ஆனால் காக்கா எதற்கு? "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் பிடுங்கியிருக்கலாமே. இதை எழுதும்போதே பதிலும் தெரிகிறது, அதுதான் இன்னும் ஆத்திரம். வேண்டாம் என்றிருந்தால் நான் இன்னொரு பழத்தை அறுத்திருப்பேன். ரோஷம் வந்தால் மட்டும்தான் நான் எதையாவது விடுவேன் என்று உனக்குத் தெரியும். தள்ளிவிட்டது கழுவத்தான். என் தோலை அப்படிப் பார்த்துக்கொண்டவளை நான் இத்தனை காலம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், கழுதை நான்.

இப்போதும் குளத்துக்கு நான் எடுத்துப் போகும் பையில் விளக்கெண்ணெய்ச் சீசா உண்டு. ஈரத்தோடு நிற்கிற பிள்ளைகளை முதுகில் தட்டி விரட்டுகிறேன், உன் சொல்லாலேயே. நாளைக்கு அந்தப் பெண் வருவாளோ மாட்டாளோ. வந்தால் ஏன் பிடுங்கினேன் என்று முதல் காரியமாகச் சொல்லிவிடப் போகிறேன். ஒருத்தியை ஐம்பது வருஷம் கோபத்தில் விட்டுவைக்க உன்னைப் போல எனக்கு நெஞ்சழுத்தம் கிடையாது.